நான் எழுதிய வாடகைக் கணக்கு

2005ஆம் ஆண்டு தூத்துக்குடி முத்தையாபுரத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு மாதம் 800 ரூபாய்க்குக் காலியாக இருந்தது. அதை நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த வாரமே மூணாறில் இருந்த என் அப்பாவுக்கு ஒரு இன்லேண்ட் கடிதம் எழுதினேன். தூத்துக்குடியில் 1,800 ரூபாய்க்குக் குறைந்து வீடே கிடையாது, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள், இப்போதைக்கு உங்களை அழைத்துக்கொள்ள வழியில்லை என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தால் என் தங்கச்சி பதினெட்டு வயதில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போனாள். இன்றும் போய்க்கொண்டிருக்கிறாள்.

தோட்டத்து நடைமுறை தெரியாதவர்களுக்கு இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காது. மூணாறு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாடகை கிடையாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலை செய்கிறவருக்கும் குடும்பத்துக்கும் முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. வேலை செய்கிறவருக்குத்தான். ஐம்பத்தெட்டு வயது முடிந்து வேலையிலிருந்து நின்றால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். சாவியை ஒப்படைத்த பிறகுதான் சர்வீஸ் பணம் முழுதாகக் கைக்கு வரும் என்பது தோட்டங்களில் ஊறிப்போன வழக்கம். காலி செய்யாமலிருக்க ஒரே வழி, வீட்டிலிருந்து இன்னொருவர் பேர் மஸ்டரில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், ஏறுவது. அம்மா நின்றால் மகள், அப்பா நின்றால் மகன். பிள்ளைகளில் யாராவது ஒருவர் கொழுந்துக் காட்டில் இருந்தால் மற்றவர்கள் தலைக்கு மேல் கூரை இருக்கும். எங்கள் வரிசையில் எந்த வீட்டைக் கேட்டாலும் இந்தக் கதைதான் வரும்.

வேறு இடத்தில் ஒரு மனை வாங்கிக் குடிபோகலாமே என்று கேட்பார்கள். அந்த மலையில் தொழிலாளி வாங்குவதற்கு நிலம் எங்கே இருக்கிறது? 1877ல் பூஞ்சாறு அரசர் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்த மலை அது. 1971ல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்க கேரள அரசு சட்டம் கொண்டுவந்தது. தேயிலை நின்ற நிலம் அதன் பிறகும் தேயிலைத் தோட்டமாகவே தொடர்ந்தது. நூறு வருடத்துக்கு மேல் தலைமுறை தலைமுறையாகக் கவாத்து வெட்டியும் கொழுந்து எடுத்தும் வாழ்ந்த பெரும்பாலான குடும்பங்களுக்கு, பெயர் எழுதிக் கொள்ள ஒரு சென்ட் கிடையாது. சொந்த ஊர் என்று நாங்கள் சொல்லுகிற கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலோ, தாத்தாவின் வீட்டுச் சுவர் என் அப்பா பையனாக இருந்தபோதே விழுந்துவிட்டது. மனை மட்டும் பங்காளிகளுக்குள் பாகம் பிரியாமல் கிடந்தது.

என் அப்பா 2005ல் ரிட்டையர் ஆனார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. சில வருடம் முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டார். நான் பி.காம். முடித்துவிட்டுத் தூத்துக்குடியில், துறைமுகத்துச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் பார்க்கும் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தங்கச்சி பிளஸ் டூ முடித்து, காலேஜில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். ஆக, அப்பாவுக்கு இரண்டு வழி இருந்தது. என்னிடம் வந்து தங்குவது ஒன்று. தங்கச்சியின் பேரைக் கொடுப்பது இன்னொன்று. அவர் முதலில் கேட்டது என்னைத்தான். லயத்துக் கடையிலிருந்து போன் போட்டு, “தம்பி, அங்க ஒரு சின்ன வீடா பாக்க முடியுமா? நானும் எதாச்சும் வாச்மேன் வேலைக்குப் போவேன்” என்றார். விசாரித்துவிட்டுக் கடிதம் போடுகிறேன் என்றேன்.

நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமலே வீடு வந்தது. ஆபீசில் சீனியராக இருந்த அண்ணாச்சி ஒருவர், என் அப்பா ரிட்டையர் ஆவதைக் கேள்விப்பட்டு, “முத்தையாபுரத்துல எங்க மதினி வீட்டுக்குப் பின்னால ஒரு வீடு சும்மாதான் கெடக்கு தம்பி. எண்ணூறு ரூவா குடுங்க போதும். அட்வான்ஸ் அஞ்சாயிரம். அப்பா அம்மாவ கூட்டியாந்துருங்க” என்றார். “பாக்கேன் அண்ணாச்சி” என்றேன். மறுவாரம் அவர் திரும்பக் கேட்டார். அதற்கும் “பாக்கேன்” என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை.

அப்போது எனக்குச் சம்பளம் 3,800 ரூபாய். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மேன்ஷனில் மூன்று பேர் சேர்ந்து தங்கியிருந்தோம். என் பங்கு 450. மெஸ்ஸுக்கு 1,200 போகும். வீட்டுக்கு 500 அனுப்புவேன். மீதி என் கையில். அந்த மீதியில் ஒரு பழைய பைக்குக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். முத்தையாபுரத்து வீட்டை எடுத்திருந்தால் பைக்கைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், சினிமாவைக் குறைத்திருக்க வேண்டும். அட்வான்ஸ் 5,000 அப்பாவின் சர்வீஸ் பணத்தில் ஒரு சின்னத் துண்டு. தூத்துக்குடி அன்று சிரமமான ஊர்தான். மாநகராட்சி ஆனது 2008ல். அதற்கு முன் நகராட்சிக் குழாயில் வல்லநாட்டுத் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும், மற்ற நாளில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனாலும் நான்கு பேர் கஞ்சி குடித்துப் பிழைத்திருக்கலாம். தங்கச்சி அங்கேயே ஒரு காலேஜில் படித்திருக்கலாம்.

கடிதத்தில் நான் ஒரு பட்டியலே போட்டேன். வாடகை 1,800. அட்வான்ஸ் 18,000. தண்ணீர் 300. கரண்டு 200. அரிசி கிலோ இவ்வளவு, கேஸ் கிடைக்காது, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் இவ்வளவு. கடைசியில் கூட்டிப் போட்டு என் சம்பளத்தைக் கழித்து, பற்றாக்குறையைக் கோடிட்டுக் காட்டியிருந்தேன். கணக்குப் படித்தவன் எழுதிய கணக்கு. பொய் என்று யாருக்கும் தோன்றாது. என் அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் அதை அவருக்கு வாசித்துக் காட்டியவள் தங்கச்சி. வாசித்து முடித்துவிட்டு, “அண்ணன் பாவம்ப்பா, நான் பேரு குடுக்குறேன்” என்று சொன்னாளாம். இதை அம்மா எனக்குப் பிறகு பெருமையாகச் சொன்னார்.

ஏன் அப்படி எழுதினேன் என்பதைப் பணத்தோடு நிறுத்திவிட்டால் இந்த ஒப்புதல் பாதிதான்.

லயத்தில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு சின்ன வராந்தா. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுக் குழந்தை இருமினால் எங்கள் வீட்டில் தூக்கம் கலையும். ஜூன் மாதத்தில் தகரத்தின் மேல் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அப்பா, அம்மா, நான், தங்கச்சி நான்கு பேரும் அந்த ஒரே அறையில் படுத்தோம். பத்தாம் வகுப்புக்கு நான் படித்தது அடுப்புக்குப் பக்கத்தில், மற்றவர்கள் தூங்கிய பிறகு. மேன்ஷனில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரித் தட்டும் எனக்கென்று கிடைத்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஓர் இடம் வந்துவிட்டதாக நினைத்தேன். அதை விட மனம் வரவில்லை. மூணாறிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினால், திரும்ப அதே அறைக்குள் போய்விடுவேன் என்று பயந்தேன்.

அதைவிட ஆழத்தில் இன்னொன்று இருந்தது. தூத்துக்குடியில் வீடு தேடினால் அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். “நீங்க எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?” கோவில்பட்டிப் பக்கம் என்றால் ஊரையும் தெருவையும் வைத்தே சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் மேன்ஷனில் சேரும்போது “மூணாறு” என்று சொன்னேன். “அடேயப்பா, நல்ல குளுகுளு ஊராச்சே” என்றார்கள். அதோடு கேள்வி நின்றது. மூணாறு என்ற பெயர் எனக்கு ஒரு மறைவாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் வந்தால் அது போய்விடும். வீட்டுக்காரம்மா கேட்டால் அம்மா உள்ளதை உள்ளபடி சொல்லுவார். சொல்வதில் அவருக்கு வெட்கம் இல்லை. லயத்தில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. வெட்கம் எனக்குத்தான் இருந்தது. கேட்கிறவர்களின் குற்றம் அது என்பது எனக்கு அன்றும் தெரியும். தெரிந்தும், அந்தக் கேள்விக்கு முன்னால் என் பெற்றோரை நிறுத்தாமலிருக்க வேண்டும் என்று நான் நினைத்தது அவர்களைக் காப்பாற்ற அல்ல. என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

தங்கச்சி வேலைக்குப் போன பிறகு முதல் தடவை ஊருக்குப் போனபோது அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை ஏறி, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகாமல் கறுத்திருந்தது. கணுக்காலில் அட்டைக் கடி. “பழகிடும்ணே” என்றாள். இரவு சாப்பிடும்போது, தூத்துக்குடியில் வாடகை ஏறிவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தாள். ஏறிவிட்டது என்றேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கு வருடா வருடம் விலைவாசியும் ஏற்ற வேண்டியிருக்கிறது.

2006ல் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் தோட்டத்தில் அவள் வேலை பார்த்த அதே டிவிஷன். மறுவருடம் பெண் குழந்தை. நானும் பிறகு கல்யாணம் செய்துகொண்டு தூத்துக்குடியிலேயே பிரையண்ட் நகரில் வாடகைக்கு வீடு எடுத்தேன். அப்பா அந்த லயத்திலேயே இறந்தார்.

2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். போனஸ் பத்து சதவீதமாகக் குறைந்ததுதான் உடனடிக் காரணம். தினக்கூலியை 500 ஆக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அன்றைய கூலி 232 ரூபாய். அவர்கள் அமைப்புக்குப் பெம்பிளை ஒருமை என்று பெயர். தொழிற்சங்கத் தலைவர்கள் யாரையும் கிட்டே சேர்க்காமல் பெண்களே நடத்தினார்கள். ஆபீஸ் எதிரிலிருந்த டீக்கடை டிவியில் நான் அதைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் தங்கச்சி இருந்தாள். முகம் தட்டுப்படவில்லை, போனில் சொன்னாள். குரலில் அப்படி ஒரு தெம்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்தில் டீ குடித்தவர், “ஓசி வீடு, ஓசி வெறகு, இவங்களுக்கு என்ன கொறச்சல்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. 232 ரூபாய்க் கூலியில், நான் கடிதத்தில் எழுதிய 1,800 ரூபாயைச் சம்பாதிக்க அவள் எட்டு நாள் கொழுந்து எடுக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த வீடு ஓசி இல்லை. அதன் வாடகையை அவள்தான் கட்டிக்கொண்டிருந்தாள். இதை அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ எப்படித் தூத்துக்குடிக்கு வந்தாய் என்ற கேள்வி எனக்குள்ளேயே வரும். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனேன்.

போராட்டம் வென்றது. போனஸாக மொத்தம் இருபது சதவீதம் கிடைத்தது. கூலி அந்த அக்டோபரில் 301 ஆனது. லயம் லயமாகவே இருந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு வரிசை லயங்களை வாரிக்கொண்டு போனது. 70 பேர் போனார்கள். நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மின்சாரமும் போனும் இல்லாததால் விடிந்துதான் வெளியே தெரிந்தது. அங்கே இறந்தவர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் எங்கள் பக்கத்துக் கயத்தாறு. செய்தி தெரிந்ததிலிருந்து தங்கச்சிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அவளுடைய டிவிஷன் பெட்டிமுடியிலிருந்து தள்ளி என்பது எனக்குத் தெரியும். மழைக்குத் தெரியாதே. மறுநாள் சாயங்காலம்தான் லைன் கிடைத்தது. எல்லாரும் இருந்தார்கள். அம்மா மட்டும் அழுதுகொண்டே இருந்தார். இறந்த ஒரு குடும்பத்தை அவருக்குத் தெரியும்.

கொரோனா காலம். கேரளா போக இ-பாஸ் வேண்டும். எல்லையில், போடிமெட்டில் தடுப்பு. “பாஸ் கிடைக்காது” என்று மனைவியிடமும் தங்கச்சியிடமும் சொன்னேன். நான் பாஸுக்கு விண்ணப்பமே போடவில்லை. தேடாமலே கிடைக்காது என்று சொல்லிவிடுவது எனக்குப் பழகிவிட்டிருந்தது. அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான், 2005ல் செய்ததையே திரும்பச் செய்கிறேன் என்பது உறைத்தது. எங்கள் லயம் போயிருந்தால் அதற்குள் என் கடிதத்தை வாசித்தவளும் போயிருப்பாள். பெட்டிமுடியில் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வேலியில் தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். எழுபது பேர் செத்த பிறகு எட்டு வீடு. அது செய்ய முடிகிற காரியம்தான் என்பது அப்போது நிரூபணமானது. முன்னால் ஏன் முடியவில்லை என்று அரசையும் முதலாளிகளையும் கேட்க எனக்கு வாய் வருகிறது. என்னையும் சேர்த்துக் கேட்காவிட்டால் அது யோக்கியமான கேள்வி ஆகாது.

அப்படியும் நான் சொல்லவில்லை. சொல்ல வைத்தது தூத்துக்குடி மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் தெரு ஏரியானது. வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். பீரோவின் அடித்தட்டு, ஃபிரிட்ஜ், பையனின் புத்தகங்கள் எல்லாம் போயிற்று. சார்ஜ் தீரும் நிலையில் இருந்த போனில் தங்கச்சி வந்தாள். “அண்ணே, மதினியையும் புள்ளையையும் கூட்டிட்டு இங்க வந்துருங்க. எத்தன நாள்னாலும் இருங்க. எடம் இருக்கு” என்றாள்.

எந்த இடம்? அதே ஒரு அறை, அதே சமையல்கட்டு. அவள், மாப்பிள்ளை, மகள், அம்மா என்று ஏற்கெனவே நான்கு பேர். அதில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது என்று யோசிக்காமல் சொன்னாள். ரயிலும் ரோடும் அறுந்து கிடந்ததால் போக முடியவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் போனேன். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். அவள் அடுப்படியில் உட்கார்ந்து கத்திரியில் மாட்டும் பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கையால் கிள்ளுவது குறைவு. கத்திரியால் வெட்டுகிறார்கள், தோள்பட்டை போய்விடுகிறது. முத்தையாபுரத்து வீடு, 800 ரூபாய், பைக், வீட்டுக்காரம்மாவின் கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும், “அட்வான்ஸ் எவ்வளவு?” என்றாள். ஐயாயிரம் என்றேன். “அப்பா எடுத்துருப்பாரே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு அந்தக் கடுதாசி அப்படியே மனப்பாடம்ணே. மண்ணெண்ண வெலகூட” என்றாள். கோபப்படவில்லை. மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு போட மகளை அனுப்பினாள். தங்கச்சி வரவில்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தன் பென்ஷன் காசில் 500 ரூபாய்த் தாளை மடித்து, “வாடகைக்கு வச்சுக்க” என்று என் சட்டைப் பையில் வைக்கிறார். அந்தப் பொங்கலுக்கும் வைத்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டுமே என்று வாங்கிக்கொண்டேன்.

தங்கச்சிக்கு ரிட்டையர் ஆக இன்னும் இருபது வருடம் இருக்கிறது. அப்போது அந்த வீட்டுக்கு யார் பேரைக் கொடுப்பது என்ற கேள்வி வரும். மகளுடைய பேர் மஸ்டரில் ஏறக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருக்கிறாள். போன மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் போன் செய்தாள். தூத்துக்குடியில் ஒரு காலேஜில் பி.காம். கிடைக்கும் போலிருக்கிறது, ஹாஸ்டலுக்குக் கட்ட முடியாது என்றாள். பிறகு நேராகக் கேட்டாள்: “உங்க வீட்டுல எடம் இருக்காண்ணே?”

பிரையண்ட் நகர் வீட்டில் இரண்டு பெட்ரூம். வாடகை 9,000. பையன் பத்தாம் வகுப்பு, அவனுக்குத் தனி அறை வேண்டும் என்று அப்போதுதான் பேசியிருந்தோம். பார்க்கிறேன் என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது. எல்லாம் சொல்லி ஒப்புக்கொண்ட பிறகும் வந்தது. நான் பேசாமல் நின்றதைப் பார்த்து என் மனைவி போனை வாங்கி, “அனுப்பி விடும்மா, நாங்க பாத்துக்கிடுதோம்” என்றாள்.